கடைசி முறை என்னுடையது

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நஞ்சை என் உழைப்பில் வாங்கியது. நெல் அரைக்கிற மிஷின் ஒன்று வைத்தேன். அதன் கொட்டகைக்குக் கல்லும் மண்ணும் என் தலைச் சுமையாகவே வந்தது. எங்கள் ஊரில் கூலிக்காரன் மகன் ஒருவன் சொந்தமாக டிராக்டர் ஓட்டினான் என்றால் அது நான்தான். மெத்தை வீடு கட்டினேன். பெருமைக்குச் சொல்கிறானே என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிதாக நான் செய்தது ஒன்று உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் நடவுக்கு ஆள் கிடைக்காமல் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஆள் நிற்கிறது. அது எப்படி நின்றது என்பதை இன்றைக்கு வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மேஸ்திரியக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடவுக்குப் பெண்களைத் திரட்டி அழைத்து வருகிறவளுக்கு எங்கள் பக்கம் மேஸ்திரி என்று பெயர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். குனிந்தால் கரையேறும் வரை நிமிர மாட்டாள்; வாய் மட்டும் ஓயாது. நான் கூலிக்கு நாற்று முடி வீசிய காலத்தில், "நைனா, மூஞ்சில வீசாத, கைல வீசு" என்று அதட்டுவாள். நான் நிலம் வாங்கி, டிராக்டர் வாங்கி, நாலு பேர் வணக்கம் சொல்கிற ஆளான பிறகும் அதே நைனாதான். மற்றவர்கள் எதிரில் அப்படிச் சின்னப் பையனைப்போலக் கூப்பிடும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். மறைப்பானேன்.

பிறகு கம்பெனி பஸ் வந்தது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முதலில் படித்த பெண்கள் ஏறினார்கள். பின்னாலேயே அவர்களுடைய அம்மாக்களும் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு ஏறினார்கள். நாற்பது பேர் இருந்த நடவுக் கூட்டம் இருபதாகக் குறைந்தது. அந்த வருஷம் ஏரி நிரம்பியதும் ஊரே ஒரே வாரத்தில் நாற்று விட்டது. எல்லோருடைய நாற்றும் ஒரே வாரத்தில் பறிப்புக்கு வந்தது. நடத்தான் கை இல்லை. நிலக்காரர்கள் கூடிப் பேசி, யாருக்கும் தோன்றாத ஒரு யோசனையைக் கண்டுபிடித்தோம். நடவு முடிகிற வரை கம்பெனி பஸ்ஸை ஊருக்குள் விடக் கூடாது. பஸ் இல்லாவிட்டால் பெண்கள் வயலுக்குத்தானே வந்தாக வேண்டும்? பொழுது விடிந்ததும் சாலையில் குறுக்கே நின்றது என் டிராக்டர்.

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். உள்ளே இருந்த பெண்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வயல் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. நெடுஞ்சாலையைப் பார்த்து நடந்தார்கள். அந்த வரிசையில் மேஸ்திரியக்காவின் மருமகளும் இருந்தாள். அக்கா என் டிராக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா நைனா, மனுசாளு போற வண்டிய மறிச்சிக்கினு கீற? மாட்டத்தான் மூக்கணாங்கயிறு போட்டு இஸ்துக்கினு வருவ. இதுங்களுக்கு எங்க போடுவ?"

கூட இருந்த நிலக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அவள் தன் இருபது பேரையும் வேன் பிடித்து காவாந்தண்டலத்து வயல்களுக்கு அழைத்துப் போய்விட்டாள். சிரிப்பு அடங்கியது. எங்கள் நாற்று நாற்றங்காலிலேயே பழுத்தது. அவர்கள் அங்கே முடித்துத் திரும்பி வந்து நட்டபோது, முற்றிய நாற்று தூர் கட்டவில்லை. அந்தப் போகத்தில் ஊரே அடிபட்டது.

அறுவடை முடிந்த ஒரு காலையில் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்: "யக்கா, ஆளே இல்லாத போச்சி. இன்னாதான் பண்றது?"

"ஆளு கீது. நீங்க கூப்புடற லட்சணம்தான் சரியில்ல. அல்லாரும் ஒரே வாரத்துல நாத்து வுட்டுட்டு, ஒரே நாள்ல வா வான்னு கைய புடிச்சி இஸ்தா, நான் இன்னா என்னிய ரெண்டா கிழிச்சியா குடுக்க முடியும்? அந்த ஒரு வாரம் போச்சின்னா அப்பால எவனாச்சும் எங்க வூட்ட எட்டிப் பாக்கறானா? கம்பெனிக்காரன் தெனத்திக்கும் கூப்புடறான். அவளுங்க அங்கதான் போவாளுங்க."

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு விவரமாகச் சொன்னாள். நாற்று விடும்போதே நாள் பிரித்து விட வேண்டும். மதகிலிருந்து வரிசையாக வீட்டுக்கு வீடு முறை. அப்படிச் செய்தால் நடவும் களையுமாகத் தொடர்ந்து இரண்டு மாதம் வேலை இருக்கும். பாதிப் பெண்கள் பஸ் ஏற மாட்டார்கள். மூன்று மணிக்குக் கரையேற்றிவிட வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். "அப்புறம், அந்த டிராக்டர ரோட்ல குறுக்க வுட்டியே, அதுக்கு ஒரு டிரெய்லர மாட்டி எங்கள ஏத்திக்கினு வா. வயலுக்கு நடந்தே முட்டி தேயுது."

அடுத்த பட்டத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் இதை எடுத்து வைத்தேன். "நடவுக்கு வர்றவ சொல்லி நெலக்காரன் நாத்து வுடணுமா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "அப்ப கடைசி முறை எவனுக்கு?" என்று கேட்டார். கடைசியில் நடுகிறவன் கதிர் பால் பிடிக்கும்போது ஏரியில் தண்ணீர் இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்? என் நிலம் மதகை ஒட்டியது. நியாயப்படி முதல் முறை எனக்கு. "கடைசி முறை என்னுது" என்றேன். அப்புறம்தான் மற்றவர்கள் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் எல்லோர் வயலும் நேரத்தில் நடவானது. பஸ் ஏறிய பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். என் வயலுக்கு மட்டும் கடைசித் தண்ணீர் எட்டவில்லை. மதகைத் திறந்தால் சேறுதான் வந்தது. பாதிக்குப் பாதி மணி பிடிக்காத கருக்காய். "முறை வெச்சவன் வயல்ல கருக்கா வெளஞ்சி கீது பாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் நெல் இருந்தது, சிரித்தார்கள்.

மறுவருஷத்திலிருந்து அந்த முறை நிலைத்துவிட்டது. கடைசி முறை சுற்றி வரும்படி பிறகு ஏற்பாடு செய்தார்கள், நான் நஷ்டப்பட்ட பிறகு. இப்போது வங்காளத்திலிருந்து ஆண்கள் கூட்டம் ஒன்றும் நடவுக்கு வருகிறது. அவர்களுக்கும் அதே பட்டியல், அதே மூன்று மணி. என் மகனே கம்பெனி பஸ்ஸில்தான் போகிறான். நான் மறிக்கவில்லை.

போன வருஷம் விவசாயிகள் சங்கக் கட்டிடத்தில் பலகை ஒன்று திறந்தார்கள். நடவு முறைத் திட்டம் தலைவர் அவர்களின் சீரிய முயற்சியால் உருவானதாம். அன்றைக்குக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தவர் அவர். ஆத்திரம் தாங்காமல் மேஸ்திரியக்காவிடம் போனேன். அவள் படுக்கையில் கிடந்தாள், இடுப்பு போய்விட்டது. என் பெயரைப் போடவில்லை என்று புலம்பினேன். உன் பெயரையும் போடவில்லையே என்று பிறகுதான் சொன்னேன். அந்த வரிசையை அவள் கவனித்துவிட்டாள்.

"நீ இன்னா பண்ண நைனா? நான் சொன்னேன், நீ கேட்டுக்கின. அவ்ளோதான?" என்று சிரித்தாள்.

அடுத்த மாதம் இறந்துபோனாள். அந்தச் சொல் என்னை இன்னும் அரிக்கிறது. சாகப்போகிறவள் என் பங்கை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாளே என்று கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் தப்பில்லை.

தேர்தல் எப்படி நடத்தினார்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்கள் உத்திரமேரூர். அதன் பக்கத்திலேயே, நேற்று நடந்ததைப் பலகையில் பொய்யாக எழுதுகிறார்கள். சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பலகையை அழியுங்கள். மேலே அவள் பெயரைப் போடுங்கள், சொன்னவள் என்று. கீழே என் பெயரைப் போடுங்கள். பெயிண்ட் நானே வாங்கித் தருகிறேன். அவள் நாற்பது வருஷம் இந்த ஊர் வரப்பில் நின்று சத்தமாகப் பேசினாள். காது எல்லோருக்கும்தான் இருந்தது. வீட்டு வாசலில் போய் நின்று கேட்டவன் நான் ஒருவன். அதை எழுதுங்கள்.