கடைத்தெருவில் நின்ற வண்டி

பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. பட்டணத்திலிருந்து மேற்கே போகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அணிவகுத்துப் போனார்களாம். நான் மருமகளாக வந்தபோது பூக்கூடைகளும் வெற்றிலைக் கட்டுகளும் போய்க்கொண்டிருந்தன. எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், சாப்பிட்டார்களா, முறைத்துக்கொண்டு போனார்களா என்பதெல்லாம் விளக்கு வைப்பதற்குள் தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்துவிடும்.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே கிளம்பி வந்தது. எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டகையில்கூட ஜனங்கள் படுத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மாட்டு வண்டியில் என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நெமிலிச்சேரியில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போகிற வழி. வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அப்பா இறங்கினார், ஆனால் படியேறவில்லை.

பேரப்பிள்ளை பிறக்கும்வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியிருந்தது. குழந்தை இல்லை.

மாமியார் வாசலுக்கு ஓடி வந்தார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

“இன்னா சம்பந்தி, ஊரே உயிருக்குப் பயந்து ஓடியாந்துகினு கீது. இப்பப் போயி முறை பாத்துகினு நிக்கிறீங்களே! உள்ள வாங்க, சோறு ஆக்கி வெச்சிகீறேன்.”

“பேரனோ பேத்தியோ பொறக்கட்டும்மா. அப்பறம் இலை போட்டு உக்காந்து சாப்பிடறேன்” என்றார் அப்பா. அவருக்கு மெதுவாகப் பேச வராது.

எதிர் வெற்றிலைக் கடையில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலில் முகங்கள் முளைத்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த தெருவில், என்னைப் பெற்றவர்கள் மட்டும் வெயிலில் நின்றார்கள். அதற்குக் காரணம் என் வயிறு என்று அப்பாவே தெருவுக்குச் சொல்லியாயிற்று.

வெட்கம் தாங்காமல் போனால் எனக்குக் கோபம் வரும். விறுவிறுவென்று உள்ளே போய், குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து வண்டியருகே வைத்தேன்.

“குடிக்க வேணாம்மா. மூஞ்சியாவது கழுவிக்கோயேன்” என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெயில்ல நிக்காதடி, உள்ள போ” என்றாள்.

குடத்தை மறுபடி தூக்கிக்கொண்டு அத்தனை கண்களுக்கு முன்னால் எப்படித் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார்தான் குடத்தை எடுத்தார். “மாடு குடிச்சா தப்பில்லையே சம்பந்தி?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசல் தொட்டியில் ஊற்றினார். வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்து விட்டார்.

இரண்டும் தலை தூக்காமல் குடித்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்து போன உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டாள்.