ஐம்பத்து மூன்று பேருக்கு ஒரே ரூம்

எவனோ செய்த தப்புக்கு, முகம் தெரியாத ஒருவர் படுகிற கோபத்துக்கு, நாம் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிற தொழில்தான் கஸ்டமர் சப்போர்ட். இந்தத் தொழிலில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்காசியில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ். குற்றாலத்தில் மூன்று லாட்ஜ் வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சிக்கு வருகிற மெயில்களுக்கு நாங்கள்தான் பதில் எழுதுகிறோம். அவர் கொடுக்கிற வேலை போனால் ஆபீஸுக்குப் பூட்டுதான். இந்த சீசனில் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கேட்டார்கள்

நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சாஃப்ட்வேர், ஒரு வாடிக்கையாளர் எழுதுகிற மெயில்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டித் திரையில் காட்டும். முன்பெல்லாம் தலைப்பில் ஒரு நம்பர் இருக்கும், அதைப் பார்த்துக் கட்டும். ஆட்கள் தலைப்பை அழித்துவிட்டு எழுதினால் கட்டு அவிழ்ந்துவிடும். புது முறையில் நம்பரே கிடையாது. இந்த மெயில் எந்த மெயிலுக்குப் பதில் என்று உள்ளே மறைவாக ஒரு அடையாளம் இருக்குமாம், அதைப் பார்த்துக் கட்டுமாம்.

மாற்றிக் கொடுக்கிற இன்ஜினியர் நிவேதா, சென்னையிலிருந்து போனில் பேசினார். பழையதும் புதியதும் பத்து நாள் சேர்ந்து ஓடட்டும், என்னென்ன இடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பழையதை நிறுத்தலாம் என்றார். நான் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கிப் பேரம் படித்தவன். எதிராளி பத்து என்றால் எனக்கு நாக்கு அரிக்கும். பத்தை ஏழாக்கினேன், ஏழை மூன்றாக்கினேன், கத்து கத்தென்று கத்தி ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஜெயித்துவிட்ட பூரிப்பில் டீ சொன்னபோது அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார்: "சரி சார், ஒரு நாள். ஆனா அது உங்க முடிவுன்னு ஒரு மெயில் மட்டும் போட்டுருங்க."

வேலையே இல்லாத மூன்று நாள்

மாற்றிய மறுநாளிலிருந்து திரையில் பாக்கி மெயில் ஒன்றுகூட இல்லை. புது முறை என்றால் இதுதான் என்று எல்லோருக்கும் எங்கள் பக்கம் பேர்போன பார்டர் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார். ரூம் கேட்டு மெயில் போட்டவர்கள் வந்து நிற்கிறார்கள், ரூம் ஒதுக்கவே இல்லையே என்றார்.

பிறகுதான் விளங்கியது. எங்கள் வாடிக்கையாளர்கள் புதிதாக மெயில் எழுதுவதே இல்லை. போன வருஷ மெயிலைத் தேடி எடுத்து, தலைப்பை மட்டும் அழித்துவிட்டு, அந்த மெயிலுக்கே பதிலாக 'இந்த வருஷமும் வாரோம்' என்று போடுவார்கள். பழைய முறை அதற்குப் புது நம்பர் போட்டு மேலே தூக்கிக் காட்டும். புது முறை, போன வருஷமே முடிந்துபோன கட்டுக்குள் அதைச் சொருகி மூடிவிட்டது. வந்தவர்கள் முதலில் அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மலைமேல் கோடை மழை கொட்டித் திடீர் வெள்ளம், போலீஸ் குளிக்க விடவில்லை. லாட்ஜிலாவது குளிப்போம் என்று வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கேட்டது இதுதான்: "வே, தலையில வழிய வழிய எண்ணெயோட ஒம்பது பேரு ரிசப்ஷன்ல நிக்காங்க. என் புது சோபாவுல உக்காரச் சொல்லவா, வேண்டாமா?"

எப்படியோ அவர்களுக்கு இடம் பிடித்தோம். இன்னொரு தப்பு நடந்தால் மெயில் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி போனை வைத்தார். அந்தச் சூட்டில் நிவேதாவைப் பிடித்துத் திட்டினேன். அவர் அதைச் சரிசெய்துவிட்டு, "உங்க ஊர்ல மட்டும் பண்ற வழக்கம் வேற ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். "ஒண்ணும் கிடையாதும்மா, எல்லாம் சாதா மெயில்தான்" என்றேன்.

சாரல் விழுந்தாச்சு

நாலைந்து நாளில் முதல் சாரல் விழுந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு, 'சாரல் விழுந்தாச்சு, வாங்க' என்று பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே மெயிலாக விடுவோம். ஊர் வழக்கம் என்று அது எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது வழக்கம் என்பார்களா? விட்டோம். ஐம்பத்து மூன்று குடும்பம் ரூம் கேட்டுப் பதில் போட்டது. எல்லாம் ஒரே மெயிலுக்குப் பதில் என்பதால், புது முறை ஐம்பத்து மூன்றையும் ஒரே ஆளாக்கி ஒரே கட்டாகக் கட்டிவிட்டது. மேலே முதலில் எழுதிய கோவில்பட்டிக்காரர் பெயர்.

எங்கள் ஆபீஸில் பதில் எழுதும் இசக்கியம்மாள் தங்கமான பிள்ளை. 'ஐயா, உங்களுக்கு ரூம் உறுதி. இனி எழுத வேண்டாம், கிளம்பி வாருங்கள்' என்று பணிவாக ஒரு பதில் போட்டாள். அந்தக் கட்டுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் அது போனது. விஷயம் தெரிந்ததும் அவள் மேஜைக்கு ஓடினேன். "ஏட்டி, என்ன பண்ணி வச்சிருக்க?" என்றேன். இசக்கி கண்ணை விரித்துச் சொன்னாள்: "கீழ பேரு மாறி மாறி இருந்துச்சுண்ணே. ஒரே வீட்டுல ஆளுக்கு ஒண்ணா எழுதுதாங்க, பொறுமையில்லாத குடும்பம்னு நெனச்சேன்."

ஐந்தருவி ரோட்டில்

நானும் இசக்கியும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். அண்ணாச்சியிடம் காலியாக இருந்த ஒரே ரூமைக் கோவில்பட்டிக்காரருக்கு வைத்துவிட்டு, மற்றவர்களில் நாற்பத்தைந்து பேரை நிறுத்தினோம். ஏழு குடும்பம் ஏற்கெனவே கிளம்பி, பாதி வழியில் இருந்தது. சனிக்கிழமை காலை ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன். சீசன் தொடங்கிய முதல் சனிக்கிழமை, எவன் அசைவான்? வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன வாடகைக்குத் தலையாட்டினேன். ஏழு குடும்பத்தையும் ரூமில் சேர்த்துவிட்டு, இசக்கியோடு அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். அவர் சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, "இது யாரு பாத்த வேலை? மெட்ராஸ் கம்பெனியா, இந்தப் பிள்ளையா?" என்றார்.

கம்பெனி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான் அண்ணாச்சி. சரிபாக்க பத்து நாள் கேட்டாங்க. நான்தான் மல்லுக்கட்டி ஒரு நாள்ல முடிச்சேன்" என்றேன். அண்ணாச்சி சாவிக் கொத்தை மறுபடி கையில் எடுத்தார். நான் மனசுக்குள் ஆபீஸ் வாசலில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்துவிட்டேன். பிறகு அவர் இசக்கியைக் காட்டிச் சொன்னார்: "மெயில் உம்ம ஆபீஸ்லயே இருக்கட்டும். ஆனா இனிமே அந்த மெட்ராஸ் பிள்ளைகிட்ட இவதான் பேசணும். ஊடால உம்ம சத்தம் கேட்டுச்சுன்னா, அன்னைக்கே மெயில எடுத்துருவேன் பாத்துக்கிடும்."

இந்த சீசன் முழுக்க நான் எந்த அருவிப் பக்கமும் போகவில்லை. தலையில் கொட்டியதே எனக்குப் போதும்.