போல்ட்டுக்கு வைத்த பொட்டு

டாக்டரின் நாய் உயிரோடு இருக்கிறது. போன வாரம்கூட என் வலது ஷூவின் மேல் தாடையை வைத்துக்கொண்டு குறட்டை விட்டது. அது உயிர் பிழைத்ததற்குக் காரணம் யார் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கொல்லப் பார்த்தவன் யார் என்பதில் வேறுபாடே இல்லை. நான்தான்.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் வீடு வைத்துக்கொண்டு, ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. இயந்திரத்தைக் கழுவியாயிற்று என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு சூடான தண்ணீரில், யார் பார்க்க என்று கேட்பேன். கழுவுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டவர்களை எனக்கு வாசனையிலேயே தெரியும். நான் நுழைந்தால் காபி அறையில் பேச்சு நின்றுவிடும். நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு மகிழ்ச்சியான முகங்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு மகள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கலாம் என்று டெக்சஸுக்கு வந்தோம். மகளுக்கு நேரமில்லை. எனக்கு இருந்தது. ஒருநாள் ஒரு துப்பாக்கிக் கடையில், மூலையில் பீப்பாய்க்குள் குடைகளைப் போலச் செருகி வைத்திருந்த பழைய ராணுவத் துப்பாக்கிகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது. நம் ஊர் பேங்க் வாசலில் காவலர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்திருப்பாரே, அதன் தம்பி. கல்லூரியில் என்.சி.சி.யில் ஐந்தே ஐந்து தோட்டா கொடுத்துச் சுடச் சொன்னார்கள். ஐந்தும் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கை நேர் செய்யலாம் என்று வாங்கினேன்.

துப்பாக்கி முழுக்கப் பலாப்பிசின்போல ஒரு பழுப்பு கிரீஸ். துருப்பிடிக்காமலிருக்க ராணுவம் பூசி வைத்தது, அதைப் பூசியவருக்கும் என்னைப்போலவே வேலையில் நம்பிக்கை அதிகம். துப்பாக்கியைப் பிரித்து, மரப்பாகத்தைக் கருப்புக் குப்பைப் பையில் கட்டி, ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் வைத்தேன். மாலைக்குள் பாதி கிரீஸ் வழிந்து பைக்கு வந்துவிட்டது. மீதி வாசனை காரில் தங்கிவிட்டது. முன்பக்க மரம் நீளவாக்கில் வெடித்திருந்ததால் அதை வெட்டிக் குறைத்து, முனையை உருட்டித் தேய்த்தேன். ராணுவத் துப்பாக்கியை இப்படி வேட்டைக்கு ஏற்ப மாற்றுவது பாவம் என்று இணையத்தில் ஒரு கூட்டம் சொல்லும். வெடித்த மரத்தின் படத்தைப் போட்டேன். பாவத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். பின்கட்டையில் ரப்பர் வைத்தேன், என் தோளுக்கு வயதாகிவிட்டது. உலோகத்தில் புதிதாக ஓட்டை போடாமல், பழைய குறிகாட்டியின் திருகைப் பயன்படுத்தி ஒரு தாங்கியைப் பொருத்தி, அதன்மேல் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியை வைத்தேன். செப்டம்பரில் ரேஞ்ச் என்கிற சுடும் மைதானத்துக்குப் போய்ச் சுட்டபோது ஐந்து தோட்டாவும் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் விழுந்தன. அன்றே போல்ட்டை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்தேன். துப்பாக்கியின் பின்னால் இழுத்துத் தள்ளுகிற உருளைதான் போல்ட். அதற்குள் ஒரு ஊசி இருக்கிறது. விசையை அழுத்தினால் அந்த ஊசி போல்ட்டின் முகத்திலுள்ள சிறு துளை வழியே பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தில் குத்தும். ஊசியைக் கழற்ற ஒரு தனிக் கருவி வேண்டும், அதையும் நானே செய்தேன். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆளுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலை தெரியும். அதுதான் வெட்கக்கேடு.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மனைவி தாம்பாளத்தில் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், என் பி.பி. மெஷின், அவளுடைய லேப்டாப் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வந்தாள்.

"என்னங்க, வீட்டுல ஆயுதம்னு இருக்கறதே அது ஒண்ணுதான். அத விட்டுட்டு ஸ்க்ரூ டிரைவருக்கா பூஜை பண்றது?"

"துப்பாக்கி பெட்டிய விட்டு வெளிய வராது. அது ரூல்."

"யாரு போட்ட ரூல்?"

"நான்."

"அப்ப நீங்களே மாத்துங்க."

சமரசமாக, போல்ட்டை மட்டும் கொடுத்தேன். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். அவள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்தியும் வைத்தாள். மறுநாள் எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, பெட்டியில் வைத்தேன்.

டாக்டர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவர். கோயில் பார்க்கிங்கில் பழக்கமானார். மனைவி இறந்த பிறகு ஊரைவிட்டு ஒன்றரை மணி நேரத் தொலைவில் நிலம் வாங்கி, அங்கேயே தங்கிவிட்டார். கூட இருப்பது ஒரு கருப்பு நாய் மட்டும். அதை அந்த அம்மாள்தான் அனாதை நாய்கள் காப்பகத்திலிருந்து கொண்டுவந்து, தயிர்சாதம் ஊட்டி வளர்த்தார். இப்போது அதற்குக் காது கேட்காது, பார்வையும் மங்கல், உடம்பு மட்டும் ஒரு மூட்டை. சில நாள் டாக்டர் அதனிடம், "உங்கம்மா இருந்தா இத்தன சாதத்த மிச்சம் வெப்பியாடா?" என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் அவர் வேறு யாரோடும் அந்த அம்மாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய வெண்டைக்காய்ப் பாத்தியையும் முருங்கைக் கன்றுகளையும் காட்டுப்பன்றிகள் உழுது தள்ளின. டெக்சஸில் இது எல்லோருக்கும் உள்ள தலைவலி.

"ஏனுங்க சார், உங்க துப்பாக்கிய எடுத்துட்டு ஒருக்கா வாங்க. நமக்குச் சுடறதெல்லாம் ஆகாதுங்க. உசுரு போறதப் போதும்போதும்னு பாத்தாச்சு. நான் உப்புமா கிண்டி வெக்கறேன்" என்றார்.

போவதற்கு முன் நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். பன்னிரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துக் கட்டம். 'போல்ட் பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டது' என்ற வரிக்கு நேராக என் கையெழுத்தைப் போட்டேன். செப்டம்பரில் செய்தேனே. தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

நவம்பர் முதல் வாரம், விடிவதற்குச் சற்று முன் அவர் சமையலறையில் காபி குடித்தோம். பட்டியலில் பதினோராவது வரி: 'நாய் வீட்டுக்குள் பூட்டப்பட்டது.' நாய் மேசைக்கடியில் படுத்திருந்தது.

"இந்தா இங்கதானுங்க கெடக்கறான்" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டார். "ஆபரேஷனுக்குக்கூட இத்தன பேப்பர் இல்லீங்க."

பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

நான்கு மரக்கால்களில் நிற்கும் சிறு மறைவிடத்தில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே எண்பது கெஜத்தில், பன்றிகளை வரவழைக்க மக்காச்சோளம் கொட்டும் பீப்பாய் ஒன்று கம்பிக்கால்களில் நின்றது. அதன் பின்னால் மண்மேடு. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வேலியோரப் புதரிலிருந்து கருப்பாக, கனமாக, தலையைத் தரையோடு தேய்த்துக்கொண்டு ஒன்று வந்தது. சோளத்தை நொறுக்கித் தின்றது. ஸ்கோப்பில் பார்த்தேன். கருப்பு, கொழுப்பு, குனிந்த தலை. பன்றி. இலக்கு இன்னதென்று உறுதிப்படுத்தாமல் விசையில் விரல் வைக்காதே என்று ரேஞ்சில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்களில் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை. அதன் தோளுக்குப் பின்னால் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை வைத்து, மூச்சைப் பாதி விட்டு, அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை.

இந்த இடத்தில் சாதாரண ஆள் என்ன செய்வான் என்றால், போல்ட்டை இழுத்து, அடுத்த தோட்டாவைத் தள்ளி, மறுபடி சுடுவான். ஒரு நொடி வேலை. என் கையும் அதற்குத்தான் போனது. ஆனால் ஊசி குத்தி வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கலாம். போல்ட்டைத் திறக்காமல், குழாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். இதைச் செய்யாதவர்களை நான் மதிப்பதில்லை. குழாயைப் பீப்பாயிலிருந்து விலக்கி மண்மேட்டின் ஓரத்துக்குத் திருப்பி, வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தேன்.

பதினைந்தில் வானம் கொஞ்சம் வெளுத்தது. பத்தொன்பதில் பன்றி தின்பதை நிறுத்தியது. இருபத்திரண்டில் கம்பிக்காலுக்குப் பக்கத்தில் போய், நிதானமாக, பின்னங்காலைத் தூக்கியது.

பன்றி அதைச் செய்யாது. எந்த நாட்டுப் பன்றியும் செய்யாது.

கழுத்தில் சிவப்புப் பட்டை தெரிந்தது. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை, ஏனென்றால் தோட்டா இன்னும் உள்ளே இருந்தது. ஆனால் இருபத்து மூன்றுக்குப் பிறகு என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்றையே பலமுறை சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்தேன். அதன் பின்புறத்தில் ஊசி பட்ட தடம் இருந்தது, நகம் பட்ட சோற்றுப் பருக்கையில் இருப்பதுபோல மெலிதாக. கீழே இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி இருப்பதை மறந்து விழுந்தேன். நாய் வந்து என்னை முகர்ந்தது. அதன் வாயெல்லாம் சோளத் தூள். அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதில் அழுவது அவ்வளவு கடினமில்லை.

நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொழிற்சாலையில் இதே வாக்கியத்தை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பினாலும் அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும் என்று அத்தனை பேரையும் எழுத வைத்திருக்கிறேன்.

டாக்டர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சத்தமே கேக்கலீங்களே. பன்னி வரலீங்களா?" என்று திரும்பியவர் நாயைப் பார்த்தார். "இவன் எப்படீங்க வெளிய வந்தான்?"

"டாக்டர், நான் இவன சுட்டுட்டேன்" என்றேன். "வெடிக்கல. பன்னின்னு நெனச்சேன். சரியா பாக்கல. தப்பு என்னோடது."

அடுப்பை அணைத்தார். கீழே உட்கார்ந்து, நாயின் பின்தொடையின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடி எண்ணினார். நாய் அவர் காதை நக்கியது. என்னை வெளியே போகச் சொன்னால் காரில் ஏறிப் போய்விடுவது, திரும்ப வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"நாடி நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு, "ரெண்டாவது குண்டு ஏனுங்க போடல?"

"முப்பது செகண்ட் வெயிட் பண்ணணும். அது புரொசீஜர்."

"பண்ணீங்களா?"

"பண்ணேன்."

நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். "சரி, அத எடுங்க. ஏன் வெடிக்கலேன்னு பாப்போம்."

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பையில் கொண்டுவந்திருந்த என் கருவியால் போல்ட்டைப் பிரித்தேன். முகத்துத் துளையிலும் ஊசியின் நுனியிலும் வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. டாக்டர் அதை விரலில் சுரண்டி முகர்ந்தார்.

"சந்தனங்க!"

மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"போல்ட்டுக்குப் பொட்டு எங்க வச்ச?"

"மூஞ்சிலதான். வட்டமா மூஞ்சி மாதிரியே இருந்துச்சு, நடுவுல பொட்டுக்குக் குழி வேற. அங்க வைக்காம வேற எங்க வைக்கிறதாம்?"

"அது ஊசி வர்ற ஓட்டை!"

"அது உங்களுக்கு. ஏன், என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"அவன் நல்லா இருக்கானா?"

"இங்கதாம்மா, என்ற கால்ல கெடக்கறான்" என்றார் டாக்டர்.

"அப்பாடா. சாமிதான் டாக்டர், வேற யாரு?"

"நான் முப்பது செகண்ட் வெயிட் பண்ணேன்" என்றேன்.

"சரி, அதுல உங்களுக்குக் கொஞ்சம் புண்ணியம்."

"கொஞ்சம்தானா?"

"தொடச்சுட்டேன்னு சொல்லிட்டு உள்ள தொடைக்காம விட்டது யாரு? அத கழிச்சா கொஞ்சம்தான்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பட்டியலை எடுத்து, பதினோராவது வரியில் தன் கையெழுத்தை அடித்தார்.

"கதவச் சாத்தாமயே கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. எம் பேர்லயும் எழுதிக்குங்க." பேனாவை என்னிடம் நீட்டினார். போல்ட் வரியில் இருந்த என் கையெழுத்தை நான் அடித்தேன். அந்தக் காகிதம் இப்போதும் என் துப்பாக்கிப் பெட்டியின் கதவில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது. நாய்க்குத் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை வந்துவிட்டது. பொழுது விடிந்து வெயில் ஏறாமல் நான் விசையில் விரல் வைப்பதில்லை. இதுவரை மூன்று பன்றி.

அன்று டாக்டர் அடுப்பை மறுபடி மூட்டவில்லை.

"ஆறிப்போச்சு, இருந்தாலும் சாப்புடுங்க. அடுத்த வாரமும் வருவீங்கதானே?"

"வரேன் டாக்டர்."

உப்புமாவில் உப்பே இல்லை. குறை ஒன்று கண்ணில் பட்டும் நான் வாயைத் திறக்காத முதல் நாள் அதுதான். தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.