தப்புப் பிடிக்கிறவர்

மாத்திரை கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவளுக்கு டேப்பக்கா என்று பெயர் விழுந்ததற்கு அவள் வாய்தான் காரணம். மிஷின் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. அதனால் டேப் ரிக்கார்டர் ஓடுகிற மாதிரி வேத வசனங்களை முணுமுணுத்தபடியே ஒட்டுவாள். இருபது வருஷத்தில் ஏழு அத்தியாயம் தலைகீழ்ப் பாடம்.

தினமும் காலையில் அவள் தலை வாரும்போது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பது பஸ் டிரைவரான புருஷனின் வேலை. மனுஷனுக்குப் பக்தி கிக்தி ஒன்றும் கிடையாது. ஆனால் தப்புப் பிடிப்பதென்றால் கொள்ளை ஆசை. ஒரு சொல் விடுபட்டாலும் முதலிலிருந்து சொல்ல வைத்து உயிரை வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரு மத்தியானம் அடைத்துப்போனது. டிப்போவிலேயே சாய்ந்துவிட்டார், பக்கவாதம். கை கால் மெல்லத் தேறின, பேச்சு மட்டும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் பிடிகொடுக்காமல் சொன்னார். அவளுக்கு அதே கவலை. வாய் திறக்காத மனுஷனோடு மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது?

ஒன்பதாம் நாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து வசனம் சொன்னாள். தன் மனசைத் தேற்றிக்கொள்ளத்தான். நினைப்பு எங்கோ ஓட, விளக்கு என்று வரவேண்டிய இடத்தில் கதவு என்று சொல்லிவிட்டாள்.

"விளக்கு" என்றார் அவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டுக் கேட்டே ஏழு அத்தியாயமும் அவருக்குள்ளும் இறங்கியிருக்கிறது, பாருங்கள்! சொந்தப் பேச்சு போனாலும் மனப்பாடம் சிலருக்கு நிற்கும், ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை வந்தால்தான் நம்பிக்கை என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்.

அன்றிலிருந்து டேப்பக்கா வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னாள். பாவமாச்சே என்று முதலில் உறுத்தியது. கடவுளுக்குத் தெரியாதா என்ன என்று துணிந்துவிட்டாள். அவரும் விடாமல் திருத்தினார். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் கைதான் நீண்டது. இப்படியே மூன்று வாரம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு காலை. ஒரே வசனத்தை நாலு இடத்தில் குதறி வைத்தாள். மூன்றைத் திருத்தியவர் நாலாவதில் முறைத்தார். அவள் விடவில்லை.

"இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

"போதும்டி" என்றார்.

அது எந்த அத்தியாயத்திலும் இல்லாத வார்த்தை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.