வாப்பாவுக்கு வைத்த காவல்

பெட்டியைத் திறந்ததும் அத்தரும் சோப்பும் கலந்து அடிக்கிற 'சவுதி வாடை'யோடு, அந்த முறை வாப்பாவின் பெட்டியிலிருந்து மடித்த கூடாரம் ஒன்றும் வெளியே வந்தது. கருப்பாநதி அணைக்கரையில் ஒரு ராத்திரி தங்கி மீன் பிடிப்போம் என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கடையநல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான் இது. சவுதிக்குச் சம்பாதிக்கப் 'பயணம்' போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அழுது தொலைக்குமே என்று யாராவது பிள்ளையைக் குற்றாலத்துக்கோ மாமி வீட்டுக்கோ கூட்டிப்போவார்கள், திரும்பி வந்தால் வாசலில் அவர்கள் செருப்பு இருக்காது. அப்படி ஏமாந்து ஏமாந்து வளர்ந்தவள் நான். இந்தத் தடவை என்ன ஆனாலும் வாப்பாவை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அணைக்கரையில் அண்ணன் கூடாரம் அடிக்க, வாப்பா தூண்டிலில் மண்புழு கோத்தார். நான் மிதப்பையா பார்த்தேன்? பாஸ்போர்ட் புடைக்கிறதா என்று அவர் சட்டைப்பையைப் பார்த்தேன். கெண்டை கழுவுவது, கல் கூட்டிச் சோறு வடிப்பது என்று எல்லா வேலையையும் அவர் அண்ணன் தலையில் கட்டி, "நீயே பண்ணுலே, கை பழகட்டும்" என்று சும்மா உட்கார்ந்திருந்ததும் எனக்குச் சந்தேகம். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றது.

"ஏட்டி, என்ன நீ வாப்பா பின்னாலயே ஒட்டிக்கிட்டு அலையுதே? அவங்க எங்கயும் போவல" என்று சிரித்தான் அண்ணன். நான் நம்பவில்லை. என் துப்பட்டா முனையை வாப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் முடிந்துகொண்டுதான் படுத்தேன்.

விடிந்தபோது வாப்பா பக்கத்திலேயே இருந்தார். ஜெயித்துவிட்டேன்! ஓடை இறங்குகிற பாறை வரைக்கும் மேலே நடந்துவிட்டு வருவோம் என்றார். அண்ணன் வரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் மீனைப் பொரிச்சு வைக்கேன்."

வாப்பா அவனை இறுகக் கட்டிக்கொண்டார். மீன் பொரிக்கிறவனுக்கு எதற்கு இத்தனை கொஞ்சல் என்று தோன்றியது, அவ்வளவுதான். என் கண்ணெல்லாம் வாப்பா மேலேயே இருந்தது. ஏற்றத்திலும் வழுக்கலிலும் அவர் கையை நான் விடவில்லை. அவரும் என் கையை விடவில்லை.

இறங்கி வந்தபோது பொரித்த மீன் தேக்கிலையில் மூடியிருந்தது. அண்ணன் இல்லை. அவன் செருப்பும் இல்லை.

வாப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவனுக்கு விசா வந்துட்டும்மா. இனி வாப்பா போகல, அவன்தான் போறான்" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்ற மகனை வழியனுப்பக்கூடப் போகாமல் எனக்கல்லவா காவல் இருந்திருக்கிறார் மனுஷன்!

அந்தக் கூடாரம் பிற்பாடு கோழிக்கூட்டுக்கு மேல் விரித்துக் கிழிந்தே போனது. ஒளிந்து போகிற வழக்கமும் எங்கள் தெருவில் இப்போது இல்லை. விமானம் ஏறும்வரை பிள்ளைகளுக்கு வீடியோவில் முகம் காட்டுகிறார்கள். ஆனாலும் "வாங்க, வெளிய போயிட்டு வருவோம்" என்று வீட்டில் யார் கூப்பிட்டாலும், கூப்பிடுகிறவரை நான் பார்ப்பதில்லை. 'நான் வரல' என்கிறவரைத்தான் பார்க்கிறேன்.