முனியாண்டி கையில் வீட்டுச் சாவி

மலேசியாவில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி வீடுகள் கட்டிய கம்பெனியில் நான் விளம்பரக் குமாஸ்தா. தோட்டத்து முனியாண்டி சிலைக்குப் புதுச் சாயம் அடிக்கும் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. உடனே சாமியே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டது.

சாயம் அடிக்க வந்தவர் ஒல்லி, வழுக்கை, காதோரமெல்லாம் நீலச் சாயம். யாராவது உத்தரவு போட்டால் தூரிகையைப் பல்லில் கவ்விக்கொள்வார். பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

எங்கள் மேனேஜருக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. சாமி வாயிலிருக்கும் சுருட்டை எடுக்கணும். வேட்டிக்குக் கம்பெனிப் பச்சை அடிக்கணும். கையிலிருக்கும் பாராங் கத்தி விளம்பரப் போட்டோவில் முரட்டுத்தனமாகத் தெரிகிறதாம். அதற்குப் பதிலாக ஒரு வீட்டுச் சாவி வேண்டுமாம். இதையெல்லாம் வெட்கமில்லாமல் போய்ச் சொன்னவன் நான்.

மனிதர் தூரிகையைக் கவ்வியபடியே கேட்டு, எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். கண் திறப்பதுதான் பாக்கி. அது எப்போதும் கடைசி வேலை. அன்று அவர் தூரிகையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"என்னண்ணே, கண்ணு?"

"அத ஒங்க மேனேஜரையே தொறக்கச் சொல்லு தம்பி. நான் தொறந்தா சாமி மொதல்ல தன் கையத்தான் பாக்கும் லா."

மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வீடுகளின் திறப்பு விழாவுக்கு மேனேஜர் ஸ்டிக்கர் கடையில் இரண்டு கண்களை அச்சடித்து வாங்கிவந்தார். ஏணியில் ஏறி ஒட்டியவனும் நான்தான். ஒரு கண் மழையில் உரிந்துவிட்டது. இன்னொன்று சாவியைப் பார்க்கவில்லை. ஏணியில் நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.