படகுக்குத் திரும்பி வந்த சிஞ்ஞோரா

ஒரு காலைப் படகில் வைத்துவிட்டு, மற்றக் காலை மிதவைப் பாலத்திலிருந்து எடுக்காமல் சிஞ்ஞோரா சற்று நேரம் அப்படியே நின்றார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். செப்டம்பர் மாதத்து முற்பகல். பலெர்மோவின் பழைய துறையில் பாய்மரக் கம்பிகள் காற்றுக்குக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. சப்பாத்தைக் கழற்றித் திரும்பிப் பாராமலே பின்னுக்கு நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே போகுமுன் காலணி கழற்றும் இத்தாலியப் பெண்ணை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். எங்கள் ஆள்தான் என்று மனம் அப்போதே சொல்லிவிட்டது.

சிஞ்ஞோரா என்றால் இத்தாலிய மொழியில் அம்மா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். அவருக்கு எழுபத்தெட்டு வயது. சித்திரை மாதம் தெருவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஐந்து மாதம் பக்கத்து ஊரான பகேரியாவில் மகள் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தார். புருஷன் இறந்த பிறகு இந்தப் படகுதான் அவருக்கு வீடு. முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் ரிக்கெற் விற்றவர். "ஊரையெல்லாம் அனுப்பிப்போட்டுக் கடைசியாய்த்தான் நான் ஏறினன். அதுவும் கட்டிப்போட்ட படகிலை" என்பார். அவர் பேசியது பலெர்மோக்காரரின் பேச்சு. எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தவர்களின் நாளன்று, தகப்பனின் கல்லறைக்குப் போய்விட்டுப் படகுக்கு வந்து பார்ப்பாள். தாய் தன் பாட்டைத் தானே பார்க்கிறார் என்று கண்டால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் படகை விற்றுவிட்டுத் தாயைப் பகேரியாவுக்கே கூட்டிப்போய்விடுவாள். பிடிவாதக்காரி என்று அவளைச் சொல்ல மாட்டேன். பயந்த பிள்ளை. நாளுக்கு மூன்று மணித்தியாலம் தாய்க்கு உதவியாக என்னை வைத்ததும் அவள்தான்.

நாங்கள் குடியிருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து நான் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். "இருக்க இடமில்லாமல் நாங்கள் வள்ளத்திலை ஏறினம். இவ இடத்தை வைச்சுக்கொண்டு ஏறுறா. சும்மா இருக்கேலாத விசர்." அவரும் என்னைப்போல இலங்கையில் மன்னார்தான். சண்டைக் காலத்தில் அம்மாவின் மடியில் சத்தியெடுத்தபடி இராமேஸ்வரத்துக்குக் கடல் கடந்தவள் நான். படகு என்றால் விட்டுவிட்டு ஓடுவது என்றே நாற்பது வருடமாக எனக்குத் தெரியும். ஒரு மனுஷி இருப்பதற்காகப் படகுக்கு வருவதை அன்றுவரை நான் கண்டதில்லை.

ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த படகு மூச்சுவிட மறந்துபோயிருந்தது. மெத்தைகளில் பூஞ்சணம். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் பழைய எண்ணெய் மணம். முதல் கிழமை முழுக்க நாங்கள் செய்தது அதை எழுப்புகிற வேலைதான். கரையிலிருந்து மின்சார வயரை இழுத்துக் கொழுவினோம். குழாய் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். மெத்தைகளை மேலே வெயிலில் போட்டுத் தட்டினோம். காஸ் சிலிண்டரை எப்படிப் பூட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தராமல் தானே குனிந்து, விரலால் தடவிப் பூட்டினார். ஏணியின் அடியிலிருந்து கட்டில்வரை கூரையோடு ஒரு கயிறு கட்டச் சொன்னார். இடுப்புக்குத் துணை என்றார். அதைப் பிடித்தபடி அந்தச் சின்ன அறைக்குள் மீன்குஞ்சுபோலத் திரிவார். நாலாம் நாள் தானே கோப்பி போட்டு, எனக்கும் ஒரு கோப்பை தந்து, "இப்ப நீ விருந்தாளி, பிள்ளை. இரு" என்றார். இருபது வருடமாக மற்றவர்களின் வீட்டில் வேலை செய்திருக்கிறேன். இரு என்று சொல்லி யாரும் எனக்குக் கோப்பி தந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பொல்லாதவர். சாமான் இடம் மாறக் கூடாது. கோப்பிப் பாத்திரம் அடுப்புக்கு இடப்பக்க ஆணியில். சீனி வலப்பக்கம், உப்பு அதற்குப் பின்னால். ஒரு கரண்டியை மறுபக்கம் திருப்பி வைத்தாலும் அன்று முழுக்கப் பேச்சு விழும். கடல் ஆடினால் எல்லாம் பறக்கும் என்பார். படகு எட்டு வருடமாகக் கட்டின இடத்தைவிட்டு அசையவில்லை, பிறகெங்கே பறக்க என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். கடிதங்களை என்னிடம் தந்து வாசிக்கச் சொல்வார், கண்ணாடி பகேரியாவில் விடுபட்டுப்போச்சுது என்று. அந்தக் கண்ணாடி இரண்டு மாதமாக வரவேயில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. சுகமில்லாமல் இருந்த ஆள், வயது போன ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை வைத்துக்கொண்டிருந்தேன். மகளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் வீட்டில் ஐந்து மாதமும் கதிரையில் இருந்த தாய்க்கு எதையும் தேடி எடுக்கத் தேவையே வரவில்லை.

மரித்தவர்களின் நாள் வந்தது. காலையில் மகள் வந்து துறையின் வெளிவாசலில் காரோடு நின்றாள். நான் கையைப் பிடித்துச் சிஞ்ஞோராவைக் கொண்டுபோய்விட்டேன். போகும் வழியில் சொன்னார்: "நான் வரும்வரை ஒண்டையும் தொடாதை. ஒண்டும் வேண்டாம், பிள்ளை. கோப்பையளை மட்டும் கழுவி வை."

எங்கள் ஆட்களிடம் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மரியாதையே கிடையாது. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லித்தான் நாலாம் தரம் வாங்கிக் குடிப்போம். முதல் தரத்திலேயே விட்டுவிடுகிறவர்களை ஊர் காலத்துக்கும் மறக்காது. வேண்டாம் என்றவருக்குச் செய்துகொடுப்பதுதான் அன்பு என்று வளர்ந்தவள் நான். அதோடு, ஒரு மனுஷியின் வாழ்வையே தீர்க்கப்போகிற விருந்தாளி வருகிறாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் அம்மா செய்வதுபோல, இருந்த சாமான் முழுவதையும் மேல்தட்டுக்கு எடுத்தேன். அலுமாரிகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பாத்திரங்களைப் பெரிதும் சின்னதுமாக அழகாக அடுக்கினேன். கோப்பிப் பாத்திரத்தை மினுக்கி, கண்ணில் படட்டும் என்று உயரத் தட்டில் வைத்தேன். கொடிக்கயிறுபோலத் தொங்கிய அந்தக் கயிறு நோயாளி வீட்டைக் காட்டுகிறது என்று அவிழ்த்துச் சுருட்டினேன். ஏணியடியில் புது விரிப்பொன்று. எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தபோது, சிஞ்ஞோரா இனி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று கண் கலங்கினேன்.

பத்தரை மணிபோல இருவரும் வந்தார்கள். சிஞ்ஞோரா முதலில் இறங்கினார். ஏணியின் கடைசிப் படியில் வலது கை தானாகக் கயிற்றுக்கு எழும்பியது. கயிறு இல்லை. கை காற்றில் நின்றது. காலுக்குக் கீழே விரிப்பு வழுக்க, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்குக் கோப்பி போடப்போகிறேன் என்று மெதுவாகச் சொல்லி அடுப்படிக்குத் திரும்பினார். இடது கை ஆணிக்குப் போனது. வெறும் ஆணி. பக்கத்துச் சுவரை ஒருதரம் தடவினார். பிறகு மறுதரம். பாத்திரம் அவர் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேசையைச் சுற்றி நான் போகுமுன் மகள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். தாயைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அம்மா, நான் என்ன நிறக் கோட் போட்டிருக்கிறன்?"

சிஞ்ஞோரா திரும்பவில்லை. "கறுப்பு" என்றார். "இண்டைக்கு வேறை என்ன நிறம் போடுவாய்."

மகளின் கோட் நல்ல பச்சை. கல்லறையில் ஒரு மணித்தியாலம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோட். அவள் அப்படியே படியில் குந்தி அழத் தொடங்கினாள். சிஞ்ஞோராவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்தன என்றும், அது விழுவதற்கு முதலே தொடங்கிவிட்டது என்றும் பிறகு வைத்தியர் சொன்னார். அந்தப் படகில் ஒவ்வொரு சாமானின் இடமும் அவருடைய கண் என்று அந்தக் காலையே எனக்குத் தெரிந்துபோயிற்று. அதை நான் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தேன்.

என்னை அவர் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. மகளோடு பகேரியாவுக்குப் புறப்படும்போது, "நல்லாய்த்தான் கழுவியிருக்கிறாய். வாசம் வருகுது" என்று மட்டும் சொன்னார்.

நத்தாருக்கு முதல் படகு விலைப்பட்டது. இன்றில்லாவிட்டால் நாளைக்கு அந்த மனுஷி தண்ணிக்குள் விழுந்திருப்பார், நீ காப்பாற்றியிருக்கிறாய் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரியாகவும் இருக்கலாம். காப்பாற்றினவளைப்போல எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ரயிலேறிப் பகேரியாவுக்குப் போய் ஒருதரம் கேட்டேன், எனக்காவது சொல்லியிருக்கலாமே என்று. "சொல்லியிருந்தால் நீயும் குருடியைப் பார்க்க வந்திருப்பாய். ஒரு ஆளுக்கெண்டாலும் நான் படகுக்காரியாய் இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன், பிள்ளை."

மகள் வீட்டில் அவருக்குத் தந்த அறை நல்ல அறை. பெரிய கட்டில், பளிங்குத் தரை, குளிருக்குச் சூடு. ஞாயிறு விட்டு ஞாயிறு போகிறேன். முதல் தடவை போய்க் கதவடியில் நின்றபோது, என் பக்கம் திரும்பாமலே "ஆர்?" என்று கேட்டார். நான் என்று சொன்னதும் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. "அங்கை ஆர் ஏறினாலும் படகு பதியும். பதியிற விதத்திலையே ஆள் தெரியும். நீ ஏறினால் ஒருக்காப் பதிஞ்சு உடனை நிமிரும். இஞ்சை தரை எல்லாற்றை பாரத்தையும் விழுங்கிப்போடுது. ஆர் வந்தாலும் வராத மாதிரித்தான் கிடக்கு."

அதற்குப் பிறகு நான் சத்தமில்லாமல் அந்த வீட்டுக்குள் போவதில்லை. வெளிக்கதவைத் திறந்ததுமே, நடைவழி நெடுக, நான்தான் வாறன் சிஞ்ஞோரா, நான்தான் என்று சொல்லிக்கொண்டே போவேன். மகளின் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கதவைத் தாண்டியதும் அவர் முகம் எனக்காகத் திரும்பும், நான் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. நான் அங்கே நகர்ந்து நின்றுகொள்கிறேன்.